கோடுகளால் ஒளிர்ந்த விளையாட்டுகள்

அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1979-இல் இரு மின்னணு விளையாட்டுப் பொறிகளை வெளியிட்டது. 'லூனார் லேண்டர்' ஆட்டத்தில் விண்கலத்தை நிலவில் மெல்ல இறக்க வேண்டும். 'ஆஸ்டராய்ட்ஸ்' ஆட்டத்தில் மிதந்து வரும் பாறைகளைச் சுட்டுத் தகர்க்க வேண்டும். இரண்டிலும் கறுப்புத் திரையில் வெண்கோடுகள், படம் அவ்வளவுதான். ஆயினும் அன்று ஆடியவர்கள், அந்த ஒளி இன்றைய திரைகளில் இல்லையே என்று ஏங்குவதுண்டு. இது வெறும் பழமைப் பற்றா? இல்லை, இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. அதைக் காண்போம்.

கோலமும் பாரும்

நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கரும்பு வயல்களில் பார் அமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாக வயல் முழுவதையும் கடக்க வேண்டும். வாசலில் கோலம் போடுவது அப்படியன்று. கோடு வேண்டிய வழியில் மட்டுமே கை செல்கிறது.

பழைய தொலைக்காட்சிப் பெட்டி பார் அமைப்பது போலப் படம் வரைந்தது. கேதோடு கதிர்க் குழாயினுள் எலெக்ட்ரான் கற்றை வரிவரியாகத் திரை முழுவதையும் கடந்தது. மேற்சொன்ன விளையாட்டுகளிலும் அதே வகைக் குழாய்தான். ஆனால் கற்றை கோலமிடும் கையைப் போல, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேரே சென்றது. இதுவே 'வெக்டார்' முறை. கற்றை பட்ட இடத்தில் திரையின் ஒளிர்பொருள் மின்னி, உடனே மங்கிவிடும். ஆகவே முழுப் படத்தையும் விநாடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப வரைய வேண்டும்.

ஏன் இந்த முறை?

1024 × 768 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 7,86,432 புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒளிர்கிறதா இல்லையா என்று நினைவகத்தில் குறித்து வைக்க 96 கிலோபைட் வேண்டும். அன்று நினைவகம் விலை மிகுந்த பொருள். வெக்டார் முறையிலோ ஒரு முக்கோணத்துக்கு மூன்று முனைகளின் இடங்களே போதும்.

இப்போது ஒளிக்கு வருவோம். கற்றை ஓரிடத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவு ஆற்றல் அங்கே சேரும். 'ஆஸ்டராய்ட்ஸ்' குண்டு ஒரு புள்ளியே. கற்றை அங்கே சற்றுத் தங்கியதால் அது கண்ணைப் பறித்தது. சாய்ந்த கோடும் படிக்கட்டாகத் தெரியாமல் சீராக இருந்தது. இன்றைய திரையோ சிறு கட்டங்களால் ஆனது. எந்தக் கட்டமும் தன் உச்ச அளவுக்கு மேல் ஒளிராது. ஏக்கத்தின் காரணம் புரிகிறதல்லவா?

சோதனைச் சாலையிலிருந்து

இதன் மூதாதை கல்லூரிகளில் நீங்கள் காணக்கூடிய ஆசிலோஸ்கோப். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலறிஞர், பார்வையாளர்களுக்காக அதன் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். நம் நாட்டிலும், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறியில், வரைபடங்களையும் எழுத்துகளையும் காட்டக் கேதோடு கதிர்க் குழாய்த் திரை இருந்தது. அக்கணிப்பொறியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன்.

பின்னர் நினைவகத்தின் விலை சரிந்தது. கோடுகளால் எளிதில் செய்ய முடியாததை, அதாவது பரப்பை வண்ணத்தால் நிரப்புவதை, புள்ளி முறை எளிதாகச் செய்தது. 1980-களின் நடுப்பகுதிக்குப் பின் வெக்டார் பொறிகள் மறையலாயின. இன்று அக்குழாய் பழுதானால் மாற்றுக் குழாய் கிடைப்பது அரிது.

நீங்களே வரையுங்கள்

ஆசிலோஸ்கோப்பில் ஒரு மின்னழுத்தம் கற்றையைப் பக்கவாட்டிலும் (X), மற்றொன்று மேலும் கீழுமாகவும் (Y) நகர்த்தும். வரைபடத்தாளில் (0,4), (0,0), (4,0) ஆகிய புள்ளிகளை வரிசையாக இணையுங்கள். 'ட' கிடைக்கும்! 'ப' என்ற எழுத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? 'ழ' வரைய ஏன் மிகப் பல புள்ளிகள் தேவை? சிந்தியுங்கள்.

எச்சரிக்கை: பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.