காத்த கரங்கள்

இத்தாலியைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் குழுவினர் பலர் தம் பயணத்தின் இறுதி நாட்களைப் பிளாரன்ஸ், பீசா, ரோமாபுரி ஆகிய நகரங்களில் கழிப்பர். அங்கே காணும் அழகை ஆக்கியோர் ஒரு சிலர். அழியாமல் காத்தோர் பலர்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி கரை கடந்து பிளாரன்ஸ் நகருள் புகுந்தது. தேசிய நூலகத்தின் பல லட்சம் நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாட்டு மாணவ மாணவியர் விரைந்து வந்து, வரிசையாக நின்று, நூல்களைக் கைமாற்றி மேலேற்றினர். 'சேற்றுச் சம்மனசுகள்' என்று உலகம் அவர்களைப் புகழ்ந்தது.

1173-இல் கட்டத் தொடங்கிய பீசா கோபுரம், மென்மையான மண்ணில் நின்றதால் சாய்ந்தது. விழும் அபாயம் கண்டு 1990-இல் அதை மூடினர். சாய்வுக்கு எதிரான வடபுறத்தில் அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றவே, உச்சி சுமார் 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001-இல் மீண்டும் திறந்தனர்.

ரோமாபுரி சூழ்ந்த வத்திக்கானில், இறந்த இயேசுவை மடியில் ஏந்திய அன்னை மரியாளின் சிலை உள்ளது. மைக்கேல் ஆஞ்சலோ செதுக்கிய அச்சிலையை 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கினான். அன்னையின் கை முறிந்தது; மூக்கு சிதைந்தது. வல்லுநர்கள் துண்டுகளைச் சேர்த்துப் பொறுமையுடன் சீர்செய்தனர்.

தோழியரே! படைப்பது சிலருக்கே வாய்க்கும். காப்பது நம் எல்லோராலும் இயலும்.