பூடான் பயணம்: முதலில் காகிதம், பிறகு பெட்டி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சேர்வராயன் மலையில் நம்ம ஏற்காடு. உயரம் சுமார் 1,500 மீட்டர். இமயத்தில், மன்னர் உள்ள பௌத்த நாடான பூடானின் தலைநகர் திம்பு சுமார் 2,300 மீட்டர்.

வழி: சேலத்தில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி நியூ ஜல்பைகுரியில் இறங்கணும். அங்கிருந்து சாலையில் எல்லை ஊர் ஜெய்கான். எதிரே பூடானின் புந்த்ஷோலிங்.

காகிதம்: இந்தியருக்கு விசா வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டும். "ஆதார் இருக்கே, போதாதா?" போதாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 18 வயதாகாத முதலாண்டு மாணவருக்கு வாக்காளர் அட்டை ஏது? ஆகவே பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பயணத்தை இறுதியாண்டில் வையுங்கள்.

பணம்: 2022 முதல் இந்தியருக்கு ஓர் இரவுக்குத் தலா 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். அறையும் சாப்பாடும் தனி. 5 இரவுக்கு 6,000 ரூபாய். மலைச்சுப் போகாதீங்க! மாதம் 200 சேர்த்தால் 30 மாதத்தில் கையில் இருக்கும்.