இரண்டாவது அணி எது? மலைவீட்டுக்குச் சில குறிப்புகள்

கேரளத்துப் பொன்முடி மலையின் லயத்து வீடுகளில் மஞ்சள் ஜெர்சியும் காயும், நீல ஜெர்சியும் காயும். பள்ளிக்கூடம் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். அப்படி வளர்ந்த பிள்ளை கால்பந்தில் மஞ்சள் கேரளா பிளாஸ்டர்ஸைப் பிடித்துக்கொள்ளுமா, நீலச் சென்னையின் எஃப்.சி.யைப் பிடித்துக்கொள்ளுமா என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் அப்பா நீலம், மகன் மஞ்சள் என்பதும் உண்டு. முதல் அணி விஷயத்தில் யாருக்கும் புத்தி சொல்ல முடியாது, சொன்னாலும் எடுபடாது. இரண்டாவது அணியை மட்டும் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கலாம். அதற்கான குறிப்புகள் இவை. அணியைப் பிடித்த பிறகு ஜெர்சியையும் டிவியையும் எப்படிக் காப்பாற்றுவது என்பதும் கடைசியில் இருக்கிறது.

1. முதல் அணியோடு மோதாத அணியாகப் பாருங்கள். பிளாஸ்டர்ஸும் சென்னையினும் 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோதே சேர்ந்து பிறந்தவை. ஒன்றுக்கு ஒன்று பரம வைரி. ஒன்றை முதலாகவும் மற்றதை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்கிறேன் என்பவர், இரண்டும் மோதும் நாளில் எந்தப் பக்கம் உட்காருவார்? "ரெண்டு பேருமே நல்லா ஆடட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் இருவரும் சேர்ந்து உங்களைத் துரத்துவார்கள்.

பெங்களூரு எஃப்.சி.யும் சரிப்படாது. 2023 மார்ச் 3 அன்று பிளே-ஆஃப் ஆட்டம். கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்புச்சுவர் கட்டி முடிப்பதற்குள் பெங்களூருவின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் தட்டிவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் மொத்த அணியையும் மைதானத்தை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிளாஸ்டர்ஸுக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. மஞ்சள் சட்டைக்காரர் முன்னால் இதை இன்று எடுத்தாலும் சாயா ஆறிப்போகும்வரை பேச்சு ஓயாது. நீலக்காரருக்கோ பெங்களூரு என்றால் 2018 இறுதி ஆட்டம். எதிராளியின் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கி வந்த கதை. இரண்டு பேருக்குமே பெங்களூரு தோற்றால்தான் ருசி. அந்த ருசியைக் கெடுத்துக்கொள்வானேன்?

2. கோப்பைப் பசிக்காக அணி தேடாதீர்கள். பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. முதலாவதில் காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் ஒரே ஒரு கோல். மற்ற இரண்டிலும் பெனால்டி. 2016-இல் தோற்றது சொந்த ஊர் கொச்சியில். இவ்வளவும் பார்த்தவர், "இரண்டாவதாவது ஜெயிக்கிற அணியாக இருக்கட்டும்" என்று ரியல் மாட்ரிட் பக்கம் போவது புரிகிறது. ஆனால் அது மனசில் ஒட்டுவதில்லை. நோகாமல் கிடைத்த கோப்பைக்குக் கத்தத் தோன்றாது. 2015 இறுதி ஆட்டத்தில் சென்னையின் கோவாவிடம் 1-2 என்று பின்தங்கி நின்றது. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கையாலேயே பந்து உள்ளே போக, அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா அடித்து 3-2. அன்று நீலக்காரர்கள் கத்தியதற்கு பின்தங்கி நின்ற நேரத்து வயிற்றெரிச்சலும் காரணம்.

3. பார்க்கப் போகக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். கொச்சி கலூர் மைதானத்துக்கு இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலையிறங்கி, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு கடந்து, விதுரை, நெடுமங்காடு வழியே திருவனந்தபுரம் சுமார் அறுபது கிலோமீட்டர்தான். அங்கே பாளையம் சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் ஆடுவது திருவனந்தபுரம் கொம்பன்ஸ். 2024-இல் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் தலைநகரத்தின் அணி. முதல் பருவத்தில் அரையிறுதிவரை வந்து, பிறகு கோப்பை வென்ற காலிகட்டிடம் தோற்றது. ஐ.எஸ்.எல்.லில் இல்லை, ஆகவே மஞ்சளோடும் மோதாது, நீலத்தோடும் மோதாது. பிளாஸ்டர்ஸ் சின்னத்தில் இருப்பதும் யானை, இவர்களும் யானை.

அப்பாவும் மகனும் ஒரே பக்கம் உட்கார்ந்து கத்தக்கூடிய ஒரே கேலரி அதுதான். இரண்டாவது அணியைத் தனி ஆளுக்கு எடுக்காதீர்கள், வீட்டுக்குப் பொதுவாக எடுங்கள் என்பதுதான் என் கட்சி. முதல் அணியை வைத்து வருடம் முழுக்க முறைத்துக்கொள்கிறவர்களுக்குச் சேர்ந்து கோஷம் போடவும் ஒன்று வேண்டுமல்லவா? சம்பந்தி வீட்டைப்போல் வைத்துக்கொண்டால் போதும்: நல்லதுக்குப் போய் நிற்கலாம், கடனுக்குப் பொறுப்பில்லை.

4. கிளப்பின் ஆயுளை விசாரியுங்கள். 1997-இல் தொடங்கிய எஃப்.சி. கொச்சின் அந்த வருடமே டூரண்ட் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளில் பணம் வற்றி மூடிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக் சாம்பியன். இன்று லீகில் அந்தப் பெயரே இல்லை. ஜெர்சி வாங்குவதற்கு முன் இரண்டு பருவம் பொறுத்துப் பாருங்கள்.

5. ஆளைப் பார்த்துப் போகாதீர்கள். ஆள் போய்விடுவார். மஞ்சளின் செல்லப்பிள்ளையாக இருந்த சி.கே. வினீத் 2019 ஜனவரியில் கடனாகச் சென்னையினுக்கே போனார். சஹல் அப்துல் சமது 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். மெஸ்ஸிக்காகப் பார்சிலோனாவைப் பிடித்தவர்கள் 2021-க்குப் பிறகு பாரிஸ், மயாமி என்று அலைகிறார்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு தருவேன்: பக்கத்து ஊர்ப் பையன். கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மீனவ கிராமத்திலிருந்து கிளம்பி, சென்னை சிட்டி வழியாக ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஆடிய மைக்கேல் சூசைராஜ் மாதிரி ஒருவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகலாம். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் பொழியூரும் அப்படிப்பட்ட ஊர்தான். சந்தோஷ் டிராபி அணிப் பட்டியலை எடுத்தால் அந்தக் கடற்கரைப் பிள்ளைகளின் பெயர் தட்டுப்படும்.

6. பெண்கள் அணியை மறக்காதீர்கள். கோகுலம் கேரளா பெண்கள் அணி 2020, 2022, 2023 என்று இந்திய மகளிர் லீகைத் தொடர்ந்து மூன்று பதிப்பு வென்றது. 2022 ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கிய நேரத்தில், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்துவிட்டது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பி வந்தார்கள். கூட்டமைப்பின் நாற்காலிச் சண்டைக்குத் தண்டனை, அதில் சம்பந்தமே இல்லாத பெண்களுக்கு. அந்த மாதத்துக்குள்ளேயே தடையும் நீங்கியது. பந்து உதைக்கும் பெண்பிள்ளை உள்ள வீட்டில் கொம்பன்ஸைவிட கோகுலமே பொருத்தம் என்பேன்.

7. வெளிநாட்டு அணிதான் வேண்டுமென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை மூன்று மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு ஏழரை, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் எட்டரை. இது ஒத்துவரும். சாம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. காலையில் கொழுந்து பறிக்க இறங்குகிறவர்களுக்கு அது ஆகாது. ஜப்பான் லீக் பாருங்கள் என்றால் சிரிக்கிறார்கள். அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே காலை பத்தரை. ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்த கையோடு பார்க்கலாம்.

8. இரண்டு ஜெர்சியையும் ஒரே வாளியில் ஊறவைக்காதீர்கள். முதல் தடவை துவைக்கும்முன், ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கத் தையலைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசுங்கள். எண்ணும் பெயரும் ஒட்டிய இடத்தில் இஸ்திரிப்பெட்டி படவே கூடாது, வெடித்து உரியும். மூடுபனி மாதங்களில் துணி காய்ந்தது மாதிரி இருக்கும், காய்ந்திருக்காது. அப்படியே மடித்துவைத்தால் பூசண வாடை. கடைசி அலசல் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்தால் வாடை போகும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேலே கொடியில் போடுவார்கள். பிறகு கேலரியில் பக்கத்தில் உட்காருகிறவருக்குப் புகைவாசம்.

9. ஐப்பசி மழையும் ஆட்டப் பருவமும் சேர்ந்தே வரும். இங்கே துலாவர்ஷம் என்றாலே பிற்பகல் இடிமின்னல். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். இதையெல்லாம் மின்னல் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும், வெட்டிக்கொண்டிருக்கும்போது வயரைத் தொடக்கூடாது. கனமழையில் சிக்னல் போனால் கூரை ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டாம், மழை குறைந்தால் தானே வரும். திருப்பினால்தான் வராது. செல்போனில் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று: அதில் ஆட்டம் டிவியைவிடச் சில நொடி பிந்தி ஓடும். அடுத்த வீட்டில் டிவி ஓடினால் உங்கள் கோலை அவர்கள் முதலில் கத்திவிடுவார்கள். ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது அங்கேயே போய் உட்காருங்கள்.

10. இரவு ஆட்டத்துக்குப் போவதென்றால் திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள். ஏழரைக்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை ஆகும். அதற்குமேல் மலைக்கு பஸ்ஸை நம்ப முடியாது, பனி இறங்கிய வளைவுகளில் பைக்கும் வேண்டாம். நெடுமங்காட்டிலோ விதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் முன்னமே சொல்லிவைத்துவிட்டு, அவர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள்.