மவுஸைப் பிடுங்காதீர்கள்!
கணினி கேள்வி-பதில்

கேள்வி: சிதம்பரத்தில் இருந்தபடியே கடலூர், பண்ருட்டி கிளை ஊழியர்களுக்கு டேலி சொல்லித் தருகிறேன். எனிடெஸ்க் வழியாக அவர்கள் கணினிக்குள் போய் நானே செய்து காட்டுகிறேன். "புரிந்தது சார்" என்கிறார்கள். மறுநாள் அதே சந்தேகத்தோடு போன் வருகிறது. வேறு நல்ல மென்பொருள் சொல்லுங்கள்.
- தலைமைக் கணக்காளர், சிதம்பரம்

பதில்: மென்பொருளை மாற்றிப் பயனில்லை. நீங்களே செய்து காட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

டேலி பெரும்பாலும் விசைகளில் ஓடுவது. நீங்கள் இங்கே எஃப்5 அழுத்துகிறீர்கள். பண்ருட்டியில் இருப்பவருக்குத் திரையில் பேமென்ட் வவுச்சர் வந்து நிற்பது மட்டும்தான் தெரியும். எந்த விசைக்கு வந்தது என்று தெரியாது. ஆல்ட்+சி அழுத்திப் புது லெட்ஜர் திறப்பதும், கன்ட்ரோல்+ஏ அழுத்திச் சேமிப்பதும் அப்படித்தான். திரை தாவுவதைப் பார்த்துவிட்டு, சாருக்கு நேரமாகிறதே என்று "புரிந்தது" என்கிறார்.

இணைப்பு கேட்கும்போதே விசைப்பலகை, மவுஸ் அனுமதியை அவரை நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தால் போதும். வாயால் சொல்லுங்கள், அவர் கை செய்யட்டும். தப்பான லெட்ஜரைத் தேர்ந்தெடுத்தால் உடனே பாயாதீர்கள். அவரே கண்டுபிடிக்க அரை நிமிடம் விடுங்கள். உங்களுக்குப் பொறுமை போகிற அந்த அரை நிமிடத்தில்தான் அவர் கற்றுக்கொள்கிறார். அதைப் பறிக்க உங்களுக்கு உரிமையில்லை.

இன்னொன்று. கிளையின் உண்மைக் கணக்கில் பழக்காதீர்கள், கை நடுங்கும். டேலியின் எஜுகேஷனல் மோடில் மாதிரி நிறுவனம் ஒன்றைத் திறந்து கொடுங்கள். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் பதிவு போட முடியும். பழக அது தாராளம்.

கேள்வி: விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா? சில கணினிகளில் அந்த வசதியைத் திறக்கவே முடியவில்லை.
- பயிற்சி அலுவலர், கடலூர் சிப்காட்

பதில்: அவை ஹோம் பதிப்பாக இருக்கும். அதிலிருந்து வேறு கணினிக்குப் போகலாம்; அதற்குள் யாரும் வர முடியாது. புரோ வாங்கினாலும் உங்கள் வேலைக்கு உதவாது. நீங்கள் உள்ளே போனதும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். மாணவர் பார்க்க முடியாத பாடம் எதற்கு? இருவரும் ஒரே திரையைப் பார்க்க விண்டோஸின் குவிக் அசிஸ்ட் இருக்கிறது. நீங்கள் தரும் குறியீட்டை அவர் தட்டி, அனுமதி கொடுத்தால் போதும்.

கேள்வி: வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்கு வர ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?
- நெய்வேலி வாசகர்

பதில்: இன்றே மூடுங்கள். வி.பி.என். இல்லாமல் திறக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பயிற்சிக்கூடத்தில் பதினைந்து கணினிகள். எல்லார் திரையையும் என் மேசையிலிருந்து பார்க்கச் செலவில்லாத வழி உண்டா?
- பயிற்றுநர், விருத்தாசலம்

பதில்: வேயான். இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கூடத்து நெட்வொர்க்கே போதும், இணையம் தேவையில்லை. உங்கள் திரையை எல்லாருக்கும் காட்டலாம்; கவனம் சிதறினால் திரைகளைப் பூட்டியும் வைக்கலாம். பார்க்கப்போகிறோம் என்று முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பார்ப்பது வேவு.

கேள்வி: வங்கிப் பயிற்சிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், என் போனில் எனிடெஸ்க் ஏற்றி ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.
- பரங்கிப்பேட்டை வாசகி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள். போனின் இணையத்தை அணைத்து, அந்தச் செயலியை நீக்குங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இதே மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. செயலியில் குற்றமில்லை, யாருக்குக் கதவைத் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.