உடலும் உடையவனுக்கே

நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பராங்குச நாயகியாகவும் பரகால நாயகியாகவும் பெண்நிலை எய்தி எம்பெருமானைக் காதலித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளுக்கோ அந்நிலை இயல்பாகவே வாய்த்தது. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில், முதல் திருமொழியிலேயே தன் மார்பகம் அவனுக்கே உரியது என்கிறாள். 11-ஆம் திருமொழியில் பிரிவால் மெலிந்து வளை இழக்கிறாள். 13-ஆம் திருமொழியில், அவனுக்குப் பயன்படாத மார்பகத்தைப் பெயர்த்து அவன் மார்பிலேயே வீசத் துணிகிறாள்.

இவற்றை அனுஸந்திக்கக் கூசுவோர் உளர். ஆத்மாவைப் போலவே உடலும் அவனுக்குச் சேஷமன்றோ! உடையவன் கைக்கொள்ளாத உடைமை வெறுமையாய்க் கிடக்கும். அவ்வெறுமையின் கதறலே இவ்வேட்கை. 14-ஆம் திருமொழியில் விருந்தாவனத்தே அவனைக் கண்டமை பேசப்படுகிறது. நம் உடலை நாம் யாருடையதாகக் கொண்டு வாழ்கிறோம்?

ஆண்டாள் திருவடிகளே சரணம்.