சிறுநீர்த் தொற்றும் மருந்துத் தேர்வும்

பெண்களை அடிக்கடி வருத்தும் நோய்களுள் சிறுநீர்த் தொற்றும் ஒன்று. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்களுக்கோ 4 சென்டிமீட்டர்தான். ஆகவே குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா எளிதில் மேலேறிவிடுகிறது. எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்ச்சியும் இதன் அறிகுறிகளாகும்.

மைசூருவில் ஒரு பெண் இந்நோயுடன் டாக்டரிடம் வருவதாகக் கொள்வோம். அவளுக்கு எம்மருந்தைக் கொடுப்பது?

1953-ல் வழக்கத்திற்கு வந்த நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீரில் மிகுதியாகச் சேர்ந்து அங்குள்ள கிருமிகளைக் கொல்லுகிறது. 1969-ல் ஸ்பெயினில் கண்டறியப்பட்ட பாஸ்போமைசினை 3 கிராம் அளவில் ஒரே வேளை நீரில் கரைத்துப் பருகினால் போதும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஸ்விட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேல் நாடுகளில் 513 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. ஐந்து நாள் நைட்ரோஃபியூரன்டாயின் உண்டவர்களில் நூற்றுக்கு 70 பேரும், பாஸ்போமைசின் உண்டவர்களில் 58 பேரும் 28-ஆம் நாளில் குணமடைந்திருந்தனர். அளவில் எளிய மருந்து பயனிலும் சிறந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை என்பது இதனால் விளங்குகிறது.

எனினும் அயல்நாட்டு முடிவை அப்படியே இங்குப் பொருத்துதல் தகாது. கிருமிகளின் எதிர்ப்பாற்றல் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒருகாலத்தில் இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்பட்ட சிப்ரோஃபிளாக்ஸசினுக்கு, நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் சோதிக்கப்படும் ஈ. கோலைக் கிருமிகளுட் பெரும்பாலானவை இன்று அடங்குவதில்லை. இதனை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. முன்கூறிய இரு மருந்துகளுக்கோ அவை இன்னும் பெரும்பாலும் அடங்குகின்றன.

ஆகவே மைசூர் மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்களின் ஆய்வுக்கூடங்களில் சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு அது அழிகிறதெனக் காணும் சோதனை இன்றியமையாதது. முடிவு தெரிய இரண்டு மூன்று நாட்களாகும். எல்லோருக்கும் இது வேண்டுவதில்லை. ஆனால் கருவுற்றவர்களுக்கும் நோய் திரும்பத் திரும்ப வருவோருக்கும் அவசியமாகும். குளிர்காய்ச்சலும் விலாவலியும் தோன்றினால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். திசுக்களில் போதிய அளவு சேராத நைட்ரோஃபியூரன்டாயின் அப்போது உதவாது.

அண்டைவீட்டார் உண்டு மிஞ்சிய மாத்திரையை விழுங்குவதும், எரிச்சல் தணிந்தவுடன் மருந்தை நிறுத்துவதும் கிருமிக்கே துணைபுரியும். இன்று பயன்தரும் மருந்துகள் நாளையும் பயன்தருமா என்பது நாம் அவற்றைக் கையாளும் முறையையே பொறுத்தது.