கூச்சப்படாமல் கேளுங்கள்!

பழைய ஸ்கூட்டர் ஒன்றுக்கு 45,000 ரூபாய் சொல்கிறார்கள். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? பேரம் பேசவே கூச்சமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

கூச்சம் எதற்கு? நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் 45,000 சொல்லியிருப்பார்கள். முதலில் இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்கி ஐ.டி.வி. தொகையைப் பாருங்கள். தேய்மானம் கழித்த மதிப்பு அது. அதையொட்டிப் பேச்சைத் தொடங்கலாம். அடுத்து, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரான டயர். மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி அந்தச் செலவைக் கழியுங்கள். காரணத்தோடு கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உங்கள் உச்ச விலையை மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள், துணைக்கு வரும் மாமாவையும் சொல்ல விடாதீர்கள்! உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவரின் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம்.